வந்தவருக்கும் இன்னும் வராதவருக்கும்

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். அம்மப்பாவோடு விறகுக்குப் போகிற காட்டு வழியில் ஒரு பெரிய பாறை இருந்தது. ஆள் குனிந்து நுழையக்கூடிய ஒரு குகை, அதன் நெற்றியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடும் ஒரு வெட்டு, அந்த வெட்டுக்குக் கீழே ஒரு வரி எழுத்து. அது எழுத்து என்றே எனக்குத் தெரியாது, யாரோ ஆணியால் கீறி விளையாடியது என்று நினைத்தேன். அம்மப்பாதான் சொன்னார்: "அது புதையல் எழுத்தடா தம்பி, கிட்டப் போகாதை." அப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் போகாமல் இருக்கும்? அடுத்த முறை அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் கொண்டுபோய், அவர் விறகு கட்டுகிற நேரத்தில், வலது பக்கம் நிலம் கொஞ்சம் உயர்ந்திருந்த இடத்தில் ஏறி நின்று, கண்ணுக்கு நேரே இருந்த கடைசி மூன்று எழுத்தையும் பார்த்துக் கீறிக்கொண்டு வந்தேன். ஒரு கொக்கி, ஒரு கூரை, மறுபடி அதே கொக்கி.

அந்தக் கொப்பியின் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த பையில் அம்மா அதையும் எப்படியோ போட்டு வைத்திருந்தார், அந்தப் பையை மட்டும் அவர் எந்த இடப்பெயர்விலும் கையை விட்டு விடவில்லை. பாறைதான் இல்லை. சண்டை முடிந்து பல வருடம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது குகையின் நெற்றி இருந்த இடத்தில் வெடி வைத்த ஓட்டையும் கீழே கற்குவியலும் கிடந்தன. புதையல் தோண்ட வந்தவர்கள். அவர்களும் யாரோ ஒரு அம்மப்பா சொன்ன கதையை நம்பி வந்தவர்கள்தானே.

சரி, அந்த எழுத்து என்ன என்று எனக்குத் தெரியவந்தது மிகிந்தலையில். மச்சானோடு அனுராதபுரம் போய்விட்டு வருகிற வழியில் ஏறினோம். கண்டக சேதியம் என்ற பழைய தாதுகோபத்துக்குக் கீழே பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும், அவற்றுக்குக் கீழே வரிசையாகக் குகைகள். அரசன் தேவநம்பிய திஸ்ஸன், பௌத்தத்தை இங்கே கொண்டுவந்த மகிந்த தேரருக்கும் கூட வந்தவர்களுக்கும் 68 குகைகளைத் திருத்திக் கொடுத்தான் என்று மகாவம்சம் என்ற பழைய பாளி வரலாற்று நூல் சொல்வது இந்த மலையைப் பற்றித்தான். பின்னேரம் ஐந்து மணி தாண்டியிருந்தது. பகல் வெயிலில் அந்தக் கல்லில் ஒன்றுமே தெரியாது, வெறும் சாம்பல் நிறப் பாறை. அங்கே இருந்த ஒரு வயதான சிங்கள மனிதர் நாங்கள் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்டு கிட்ட வந்து, என் ஃபோனை வாங்கி, அதன் வெளிச்சத்தைக் கல்லோடு கல்லாகப் பக்கவாட்டில் பிடித்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பக்கம் நிழல் விழுந்தது, அவ்வளவுதான், முழு வரியும் எழும்பி நின்றது. அவர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனார், கடைசி மூன்றையும் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொக்கி, கூரை, கொக்கி. ச, க, ச.

"சகச" என்றால் "சங்கத்துக்கு". பௌத்தத் துறவிகளான பிக்குகளின் சங்கம்.

பழைய குகைக் கல்வெட்டுகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வாய்பாடுதான். இன்னாருடைய மகன் இன்னாருடைய குகை, பிறகு "அகத அனகத சது திச சகச". வந்த, வராத, நான்கு திசைச் சங்கத்துக்கு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் இலங்கை முழுக்கக் கல்லில் இருக்கின்றன, கல்வெட்டு அறிஞர் பரணவிதான 1970 இல் வெளியிட்ட தொகுதி கிட்டத்தட்ட முழுவதும் இவைதான். எழுத்து பிராமி, மொழி பழஞ்சிங்களத்துக்கு முந்திய பிராகிருதம். வர்க்க எழுத்துகளின் மூச்சொலியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், நெடிலையும் குறிலையும் பிரித்து எழுதுவது குறைவு, சங்க என்பது சக ஆகிவிட்டது, அதனால் நமக்கு வாசிக்கும்போது வாய்க்கு அந்நியமாகத் தெரியாது. எழுத்தும் அப்படித்தான், ஒரு நாள் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும். க என்பது ஒரு கூட்டல் குறி, ர என்பது ஒரு நிமிர்ந்த கோடு, ககரத்தின் மெலிந்த ஒலி, சங்கத்தில் வருகிற க, அந்தக் கூரை.

எனக்கு இதில் மனதில் நின்றுவிட்டது அந்த "அனகத" தான். வராதவர்கள். இன்னும் வந்து சேராத, சிலவேளை இன்னும் பிறக்கவே இல்லாத பிக்குகளுக்கு ஒருவன் ஒரு குகையை எழுதி வைக்கிறான். இப்படி ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது, கொடுத்தது அந்த வராதவன் வரும்வரை இருக்க வேண்டும். நான் பார்த்தவரை இந்தக் கல்வெட்டுகளின் ஆயிரம் வருடக் கதையே இந்த ஒரு கவலைதான். கொடுப்பது பெரிய காரியமில்லை, கொடுத்தது நிலைக்க என்ன செய்வது?

குகைக்கு வழி சுலபம். மழைநீர் பாறையின் நெற்றி வழியாக வழிந்து உள்ளே வராமல் இருக்க அந்த நீளமான வெட்டை, காடி என்று நம் ஆட்கள் சொல்வதை, வெட்டினால் போதும். நீர் அந்த விளிம்பில் சொட்டிவிடும், உள்ளே காய்ந்திருக்கும். எழுத்தை அந்த விளிம்புக்குக் கீழே வெட்டியதும் அதற்காகத்தான், மழை எழுத்தைத் தின்னாது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் உளியோடு சாரத்தில் நின்றவன் மழை எங்கே விழும் என்று யோசித்து எழுதியிருக்கிறான். நான் சின்ன வயதில் பார்த்த வரி அவ்வளவு தெளிவாக இருந்ததும் அதனால்தான் என்று இப்போது விளங்குகிறது.

கொடுத்தவர்கள் எல்லாரும் அரசர்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ராஜா, மகாராஜா, இளவரசன் என்றால் அய, இளவரசி என்றால் அபி, இவர்கள் வருகிறார்கள். ஆனால் அதைவிட அதிகம் பருமக என்கிற தலைவர்கள், கமிக என்கிற ஊர்ப் பெரியவர்கள், கபதி என்கிற குடும்பத்தலைவர்கள், வைத்தியர், கொல்லர், உபாசிகைகள் என்கிற இல்லறத்துப் பௌத்தப் பெண்கள். பருமக என்ற சொல்லைப் பார்த்தவுடன் நமக்கு பெருமகன் ஞாபகம் வரும். பரணவிதான அதைப் பிரமுக என்ற வடசொல்லிலிருந்து வந்ததாகச் சொன்னார், தமிழ் அறிஞர்கள் பலர் பெருமகன்தான் என்கிறார்கள், அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. மருமகன் என்று நாம் சொல்கிற சொல்லின் சாயலில் மருமகனே என்று சில கல்வெட்டுகளில் வருவது இரண்டாவது கட்சிக்குக் கொஞ்சம் பலம் என்பது என் எண்ணம்.

குகை கொடுத்தாயிற்று. சாப்பாடு? குகையில் இருப்பவன் பசித்தால் என்ன செய்வான்? இங்கேதான் அரசர்களின் கை வருகிறது. புத்தளம் மாவட்டத்தில் ஆனமடுவைப் பக்கம் தோணிகல என்று ஒரு பாறை. அதில் கி.மு. முதல் நூற்றாண்டு எழுத்து குகைக்குக் கீழே ஒளிந்து இல்லை, திறந்த பாறையில் வானத்தைப் பார்த்தபடி ஓடுகிறது, ஒவ்வோர் எழுத்தும் ஓர் அடி உயரம், நூறு அடிக்கு நீளும். பருமக அபயனின் மகன் பருமக திஸ்ஸன் தன் குளத்தை அச்சகிரிக திஸ்ஸ பர்வதம் என்ற விகாரைக்குக் கொடுக்கிறான், மகாராஜன் காமினி அபயன் இரண்டு ஊர்களை அதே விகாரைக்கு விடுகிறான். இந்த அரசன் வட்டகாமினி, அதாவது வலகம்பா, என்பது பொதுவான முடிவு. முடிவில் அதே வாய்பாடு, வந்த, வராத, நான்கு திசைச் சங்கத்துக்கு.

குளத்தைக் கொடுப்பது என்றால் என்ன என்று வன்னிக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. குளம் இருந்தால்தான் வயல், வயல் இருந்தால்தான் ஊர். அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் தகபதி, போஜகபதி என்று வரும் சொற்கள் குளத்து நீருக்கும் வயலின் விளைச்சலுக்கும் சேர வேண்டிய பங்கு. அரசன் தனக்கு வர வேண்டிய அந்தப் பங்கை விகாரைக்கு மாற்றி எழுதுகிறான். அவன் பெட்டியைத் திறந்து பொன்னை அள்ளிக் கொடுக்கவில்லை, ஒவ்வொரு போகத்துக்கும் தானாக வந்துகொண்டிருக்கிற ஒன்றின் வாய்க்காலைத் திருப்பிவிட்டான். மழை பெய்யும்வரை, குளக்கட்டு உடையாதவரை, கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு தோணிகல. பெயர் ஒன்று, இடம் வேறு, இது எங்கள் வவுனியா மாவட்டத்தில். மகாசேனனின் மகன் சிறிமேகவர்ணனின் மூன்றாம் ஆட்சியாண்டு, கி.பி. நான்காம் நூற்றாண்டு. கொடுத்தது அரசன் இல்லை, சிவயாவின் மகன் தேவயா என்று ஒருவர். அவர் ஒரு வணிகக் குழுவிடம் இரண்டு வண்டி பத்து அமுணம் நெல், ஆறு அமுணம் உழுந்து, பத்து அமுணம் பயறு வகை ஒப்படைக்கிறார். (மட்டக்களப்பில் அவணம் என்று சொல்கிற அளவும் இந்தச் சொல்லும் உறவு.) நிபந்தனை ஒன்று: மூலதனத்தில் கை வைக்கக் கூடாது, வட்டியை மட்டும் எடுத்து யகிசபவத விகாரைப் பிக்குகளுக்கு விசேஷ நாட்களில் சாப்பாடு போட வேண்டும். எந்தப் போகத்துக்கு எவ்வளவு வட்டி என்று பிரித்து எழுதியிருக்கிறது, நெல்லுக்குப் பாதி, உழுந்துக்கும் பயறுக்கும் கால். சோறு, தயிர், தேன், வெண்ணெய், எள், உப்பு என்று கறி புளிவரை கணக்கு. கல்லில் உப்பை எழுதியவரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. நம் வீட்டில் திவசத்துக்குச் சாமான் துண்டு எழுதும் அம்மாவின் மனது அது. ஒன்றும் குறையக் கூடாது, தான் செத்த பிறகும் குறையக் கூடாது.

சோழ நாட்டுக் கோயில் கல்வெட்டு வாசித்தவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். ஒரு நந்தா விளக்கு எரிய 90 ஆடோ 96 ஆடோ கொடுத்து அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்று எழுதுவார்கள். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டி ஈன்று எண்ணிக்கை குறையாமல் இருந்தால் கணக்கில் அது சாகாத ஆடு. தேவயாவின் நெல்லும் அப்படிச் சாகாத நெல்.

கொடுத்தது பெருகிக்கொண்டே போனால் வேறொரு சிக்கல் வரும், அதை யார் பார்ப்பது? பத்தாம் நூற்றாண்டுக்கு வந்தால் மிகிந்தலை ஒரு குகை வரிசை இல்லை, ஊர்களும் வயல்களும் வேலைக்காரரும் வைத்தியரும் உள்ள பெரிய ஸ்தாபனம். அன்னசாலைக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு மேல் இரண்டு கற்பலகைகள் நிற்கின்றன, நான்காம் மகிந்தன் (956 முதல் 972 வரை ஆண்டவன்) வைத்தது. இரண்டும் சேர்ந்து அந்த விகாரையின் சட்டப் புத்தகம். பிக்குகள் விடியலில் எழும்ப வேண்டும், தியானம் முடித்துப் பல் துலக்கி, சீவரம் உடுத்தி, பரித்தை என்கிற காப்புச் சூத்திரங்களை ஓதிவிட்டுத்தான் கஞ்சிக்கு வர வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு படி என்று ஒரு நீண்ட பட்டியல். எனக்குக் கண் நின்றது கணக்கு எழுதுகிற பகுதியில். அன்றன்றைய செலவை ஏட்டில் எழுதிக் கையொப்பம் வைத்துப் பெட்டியில் பூட்ட வேண்டும், மாதத்துக்கு ஒரு தடவை தொகுக்க வேண்டும், வருட முடிவில் சங்கத்தின் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முந்திய கணக்காய்வு. இன்றைக்கு எத்தனை சங்கங்கள், எத்தனை கோயில் சபைகள் இந்தக் கடைசி வரியை மட்டுமாவது செய்கின்றன என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கத்தான் வேண்டும்.

பலகையை விட்டுத் திரும்பினால் அன்னசாலையில் கல்லில் குடைந்த நீளமான தொட்டி இருக்கிறது, கஞ்சிக்கு. சிங்களத்தில் அதைக் கஞ்சித் தோணி என்றே சொல்வார்கள். நான் அதன் விளிம்பில் கை வைத்தேன், உட்புறம் கை வழுக்குகிற அளவுக்கு மழமழ என்று இருந்தது.

கணக்கும் காப்பாற்றாவிட்டால்? அப்போது சாபம். ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுகளில் ஊர் எல்லைகளில் நட்ட தூண்கள் நிறைய இருக்கின்றன. இந்த நிலம் விகாரைக்கோ மருத்துவமனைக்கோ விட்ட நிலம், அரச அதிகாரிகள் உள்ளே வரக் கூடாது, வண்டியையோ மாட்டையோ பிடிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதிவிட்டுக் கீழே நான்கு படம் கீறியிருப்பார்கள்: சூரியன், சந்திரன், காகம், நாய். முதல் இரண்டும் இந்தத் தர்மம் எவ்வளவு காலத்துக்கு என்பதற்கு, மற்ற இரண்டும் இதை மீறுகிறவன் அடுத்த பிறப்பில் என்னவாகப் பிறப்பான் என்பதற்கு. வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும். நம் தமிழ்க் கல்வெட்டுகளில் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார் என்று எழுதுவார்கள். அதோடு இன்னொரு வரியும் எழுதுவார்கள், இந்த அறத்தைக் காப்பவனுடைய பாதம் என் தலைமேல் என்று. ஒரு ராஜா, தான் காணப்போகாத யாரோ ஒருவனின் காலைத் தலையில் வைத்துக்கொள்கிறான். "அனகத" வுக்குத் தமிழில் இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் நம்மவர்களிடம் சொன்னால் பலர் முகம் மாறும். அது சிங்களவருடைய கல்வெட்டு, அதை வைத்துத்தானே காணிக்கு வருகிறார்கள் என்பார்கள். அந்த வலி எனக்கும் தெரியும், அதே பையில் காணி உறுதியைச் சுமந்தவர்கள் நாங்கள். ஆனாலும் கல்லை வாசிக்காமல் விட்டுவிட்டால் வேறு யாராவது வாசித்து நமக்குச் சொல்வார்கள். அனுராதபுரத்தில் அபயகிரிப் பக்கம் ஒரு பாறைத் தளம் இருக்கிறது. "தமேட கஹபதிகன பசதே" என்று வெட்டியிருக்கிறது, தமிழ்க் குடும்பத்தலைவர்களின் மண்டபம். அவரவர் இருக்கைக்கு நேரே பெயரும் உண்டு, அதில் ஒருவர் நாவிக காரவ, கப்பலோட்டி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. வவுனியா பெரியபுளியங்குளத்தில் தமேட வணிஜ கஹபதி விசாகன் என்று ஒரு தமிழ் வணிகர் ஒரு குகையைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. தமிழனும் பிராகிருதத்தில் எழுதினான், தமிழனும் பௌத்தனுக்குக் கொடுத்தான், தன்னைத் தமிழன் என்று சொல்லியே கொடுத்தான்.

கடலுக்கு அந்தப் பக்கமும் அதே காலத்தில் அதே வேலைதான் நடந்திருக்கிறது. மதுரைக்குப் பக்கத்து மாங்குளம் குகைகளில் நெடுஞ்செழியனின் பெயரோடு சமணருக்குப் பள்ளி செய்து கொடுத்த செய்தி, ஜம்பையில் "அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி". அதே காடி, அதே பிராமி, பாறைக்குக் கீழே அதே கல்லுப் படுக்கை. பொலன்னறுவையில் அட்டதாகே என்ற பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பலகையோ பெரும்பாலும் தமிழ். விஜயபாகு மன்னன் காலத்தில் கட்டிய, புத்தரின் பல்லை வைத்த தந்ததாதுக் கோயிலைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று வேளைக்காரப் படையினர் எழுதிக் கொடுத்த உறுதி அது. பல்லைக் காக்கும் பொறுப்பைத் தமிழ்ப் படை ஏற்றதை இந்தத் தீவில் எத்தனை பாடசாலைகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? சிங்களப் பிள்ளைக்கும் தெரியாது, தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியாது.

இந்த எழுத்துகளைத் தேடி அலைந்தவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். கோல்ட்ஷ்மிட் என்ற ஜெர்மானியர் 1870களில் காடு காடாகப் போய்ப் படியெடுத்தார், காய்ச்சல் வந்து 1877 இல் காலியில் செத்துப்போனார். அவர் விட்டதை எட்வர்ட் முல்லர் முடித்து 1883 இல் புத்தகமாக்கினார். மைப்படி எடுப்பதை நான் ஒரு தடவை கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். பாறையை தூரிகையால் சுத்தமாக்கி, நனைத்த தாளை ஒட்டி, கட்டைத் தூரிகையால் தட்டித் தட்டித் தாளைப் பள்ளத்துக்குள் இறக்குவார்கள், காய்கிற பதத்தில் மையை ஒற்றுவார்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாகத் தங்கும். தாளை உரிக்கும்போது வருகிற அந்தச் சத்தம், அதற்கே போகலாம்.

படியெடுத்த கல் உடைந்தாலும் எழுத்து மிஞ்சும். எங்கள் பாறையை யாரும் படியெடுத்தார்களா என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன், தொகுதிகளில் இடப்பெயர் ஒன்றும் பொருந்தி வரவில்லை. வெடி வைத்தவர்களுக்கு ஒன்றை யாராவது சொல்லியிருக்கலாம். அந்த வரியில் புதையல் பற்றி ஒரு சொல்லும் இருந்திருக்காது. இங்கே இருப்பது எல்லாம் கொடுத்தாயிற்று என்று அறிவிக்கத்தான் அதை வெட்டினார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு பாறை இருந்தால் தயவுசெய்து பின்னேரம் போய்ப் பக்கவெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். சுண்ணாம்போ சோக்கோ தடவ வேண்டாம்.

கொப்பித் தாளை இப்போது கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வைத்திருக்கிறேன். கொக்கி, கூரை, கொக்கி. சங்கத்துக்கு. யாருடைய மகன், யார் கொடுத்தார் என்பது வரியின் இடது பக்கத்தில் இருந்திருக்கும், அங்கே நிலம் தாழ்ந்து போனது, பத்து வயதில் எனக்கு அது எட்டவில்லை.